சம்பந்தி கேட்ட கோல்கா

கோஸ்தனாய் நகரத்தில் மாவு மில்களுக்குக் குறைவில்லை. ஆனால் பீபிநூர் கணக்குப் பார்த்த மில்லின் ஆட்கள் வந்தால்தான் பாங்க் மேனேஜர் எழுந்து நின்று கை கொடுப்பார். சந்தேகம் இருப்பவர்கள் ஊருக்குள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அவள் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கூட்டுப்பண்ணை கலைந்த வருஷம் தானியக் கிடங்கில் எடை போடும் வேலைக்குப் போனாள். மூக்கு உறைந்துபோகிற குளிரில் லாரி மேல் ஏறி, கோதுமைக்குள் முழங்கை வரை விட்டு ஈரம் பார்த்தாள். வேலை முடிந்து நடந்தே போய்க் கணக்குப் படித்தாள். ஒருத்தரும் கை தூக்கி விடவில்லை. தலைமைக் கணக்கர் ஆன அன்று, உட்காரும் நாற்காலியைக்கூடத் தன் காசில்தான் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

மில் முதலாளி தெமிர்போலத்தும் அதே வார்ப்பு. ஒற்றை லாரியில் தவிடு ஓட்டி ஆரம்பித்தவன். அவன் மகனுக்கும் இவள் மகள் அய்கானிமுக்கும் கல்யாணம் ஆனபோது, வழக்கப்படி ஆட்டின் வால்கொழுப்பையும் ஈரலையும் சம்பந்திகள் இருவரும் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து மில்லுக்குள் முதலாளி, வெளியே சம்பந்தி.

வினை ஒரு துருக்கி இயந்திரத்தில் வந்தது. மாவு மட்டும் விற்றால் போதாது, சேமியாவும் போட வேண்டும் என்று தெமிர்போலத் பெரிய கடன் வாங்கி அதை இறக்கினான். பாங்க் ஒரு நிபந்தனை போட்டது. வருஷ விற்பனை ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது; இறங்கினால் மொத்தக் கடனையும் உடனே கட்ட வேண்டும். இயந்திரம் வந்த இரண்டாம் வருஷமே தெற்கே இருந்த வாடிக்கைக்காரர்கள் தங்கள் ஊரிலேயே மில் கட்டிக்கொண்டு, மாவு வேண்டாம், கோதுமை மட்டும் கொடுங்கள் என்றார்கள்.

முதல் டிசம்பரில் அந்தக் கோட்டுக்கு நாலு ரயில் வேகன் சரக்குதான் குறைந்தது. புத்தாண்டு கழித்துப் புறப்பட்ட வேகன்களைப் பழைய வருஷத்தில் எழுதச் சொன்னான். எப்படியும் விற்ற சரக்குதானே, இரண்டு நாள் முன்னே பின்னே என்று பீபிநூரும் எழுதிவிட்டாள். மறு டிசம்பரில் பள்ளம் பெரிதாக இருந்தது. தெமிர்போலத் அவள் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, ஒரு காகிதத்தை நீட்டினான்.

பீபிநூர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அறுபது வேகன் மாவா? யாருக்கு வித்தீங்க சம்பந்தி?"

"அதுல எழுதியிருக்கே. எங்க அண்ணனுக்கு."

"ஒராஸ்கென் குதிரை வளக்குறவரு. இம்புட்டு மாவு அவருக்கு எதுக்கு? குதிரைக்கெல்லாம் ரொட்டி சுட்டுப் போடப் போறாரா?"

"பேப்பர்லதான் விற்பனை. சரக்கு அவர் கொட்டகையில சும்மா கெடக்கும். பிப்ரவரில பூஞ்சை பிடிச்சுடுச்சுன்னு சொல்லித் திருப்பி எடுத்துக்கலாம்."

"அவருக்குத் தெரியுமா?"

"கொட்டகை வேணும்னு கேட்டேன், குடுத்தாரு. மத்தது அவருக்கு எதுக்கு?"

"தெரியாம ஒரு மனுஷன் தலையில அறுபது வேகனக் கட்டுறீங்க. இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

"கடனத் திருப்பிக் கேட்டா மில்லுக்குப் பூட்டுதான். முந்நூறு பேர் அடுப்பு அணையும். அதுவும் உங்க கணக்குல வருமா?"

அவள் காகிதத்தை அவன் பக்கமே தள்ளி வைத்தாள். அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். திரும்பியபோது குரல் மாறியிருந்தது.

"சரி, முதலாளியாக் கேக்கல. சம்பந்தியம்மா, உங்ககிட்ட கோல்கா வைக்கிறேன்."

பீபிநூர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். உறவுக்காரன் கோல்கா என்று வாய் திறந்து கேட்டுவிட்டால், ஓடுகிற குதிரையானாலும் இறங்கிக் கொடுக்க வேண்டியதுதான். சம்பந்தி கேட்டு மறுத்த வீடு என்று பேர் வந்தால், அந்தப் பேச்சை அய்கானிம் புகுந்த வீட்டில் காலம் முழுக்கச் சுமப்பாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். கையெழுத்துப் போட்டாலோ, இத்தனை வருஷம் லாரி மேலும் மேசை முன்னும் நின்று சேர்த்த பேர் போய்விடும், ஜெயிலும் வரலாம்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் மகளே போன் பண்ணினாள். "அம்மா, மாமா ரெண்டு நாளா தட்டுல கை வைக்கல. நீ ஏதாவது திட்டினியா?"

"நான் திட்டினா உங்க மாமா இன்னும் ரெண்டு தட்டு சேத்துல்ல சாப்பிடுவாரு" என்று பீபிநூர் சிரித்து வைத்தாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் தேநீரை ஆறவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் அவளே முதலாளி அறைக்குப் போனாள்.

"கதவச் சாத்திக்கிட்டு கோல்கா வைக்கிறது எந்த ஊரு வழக்கம் சம்பந்தி? ஞாயித்துக்கிழமை மதியம் வீட்டுக்கு வாங்க. ஆடு அடிக்கிறேன். அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. விரிப்புல உக்காந்து நாலு பேர் காதுல விழக் கேளுங்க. என்ன கேட்டாலும் அங்கயே தர்றேன். பேச்சு மாறினா என் பேரு பீபிநூர் இல்ல."

தெமிர்போலத்துக்கு முதலில் சந்தோஷம்தான். அவள் வாக்குத் தவறாதவள் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கோல்கா என்று கேட்டதுதான் அவன் செய்த தப்பு. முதலாளியாகவே நின்று அதட்டியிருந்தால் வேறு கணக்கரைப் பிடித்திருக்கலாம். உறவை நடுவில் இழுத்ததால் உறவின் முன்னால் வந்து உட்கார வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விரிப்பில், ஆட்டுக்கறியும் மாவுத்தகடும் சேர்த்து வேகவைத்த பெஷ்பர்மாக் ஆவி பறந்தது. ஒராஸ்கென் மூத்தவர் என்பதால் ஆட்டுத்தலை அவர் முன்னால் வைக்கப்பட்டது. அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே வம்புக்கு வந்தார்.

"சம்பந்தியம்மா, இந்த ஆடு என்ன இப்படி இளைச்சுக் கெடக்கு? இதையும் நீங்க கணக்குப் படிக்க அனுப்பினீங்களா?"

"சும்மா உக்காந்து தின்னா உங்கள மாதிரி கொழுத்திருக்கும் அண்ணே. உழைச்ச ஆடு."

அய்கானிம் தேநீர் ஊற்றிக்கொண்டே வாயைப் பொத்திச் சிரித்தாள். தெமிர்போலத் மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி கோல்கா வைக்கப் போறானாம்ல?" என்றார் ஒராஸ்கென். "கேளுடா. சம்பந்தியம்மா மனசு மாறுறதுக்குள்ள கேளு."

பீபிநூர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். வாக்குக் கொடுத்தாயிற்று. அவன் கேட்டுவிட்டால் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

"அறுபது..." என்று ஆரம்பித்தான் தெமிர்போலத்.

"அறுபது ஆடா? அடப்பாவி, சம்பந்தி வீட்ட மொட்டையடிக்கவா வந்த?" என்று ஒராஸ்கென் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆட்டுத்தலையிலிருந்து நல்ல துண்டாக அறுத்துத் தம்பியின் கையில் வைத்தார். "முதல்ல தின்னு. மூஞ்சி வெளுத்துப் போச்சு."

தெமிர்போலத் அந்தத் துண்டைப் பார்த்தான். கொடுத்தவரைப் பார்த்தான். மருமகளின் வயிற்றைப் பார்த்தான். கறியைத் தட்டில் வைத்துவிட்டு, பீபிநூர் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு என்கூட பாங்குக்கு வரணும் சம்பந்தியம்மா. உள்ளபடி இருக்கிற கணக்க எடுத்துக்கிட்டு. தனியாப் போக எனக்குக் கால் எழல."

ஒராஸ்கென் கத்தியைக் கீழே வைத்தார்: "இதுக்கா ஒரு ஆடு செத்துச்சு?"

"தந்தேன்" என்றாள் பீபிநூர்.

மறுநாள் கார் பாங்க் வாசலை நெருங்கும்போது, போன வருஷத்து நாலு வேகனையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றாள். "அதையுமா?" என்றான் அவன். "அதையும்தான். அது என் கையெழுத்து, நானே சொல்றேன்."

மேனேஜர் அன்று எழுந்து நிற்கவில்லை. காது கூசுகிற மாதிரி கத்தினார், வட்டியைக் கூட்டினார், இயந்திரத்தை விற்றுக் கடனில் பாதியைக் கட்டச் சொன்னார். மில்லைப் பூட்டச் சொல்லவில்லை. சேமியாவுக்கு எடுத்த ஆட்களில் பாதிப் பேர் மாவுப் பக்கம் வந்தார்கள், மீதிப் பேருக்குத் தெமிர்போலத் தானே அலைந்து வேறு மில்களில் இடம் பிடித்துக் கொடுத்தான். பீபிநூரிடம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேரன் பிறந்ததும் அதுவும் போயிற்று.

வாங்கியவர்களின் லாரி கரகந்தாவிலிருந்து வந்து துருக்கி இயந்திரத்தை ஏற்றியபோது இருவரும் முற்றத்தில் நின்று பார்த்தார்கள். லாரி கேட்டைத் தாண்டியதும், தெமிர்போலத் கையுறையைத் தட்டி உதறிக்கொண்டான்.

"சம்பந்தியம்மா, இந்த வாரம் தவிடு என்ன விலைக்குப் போகுது?"

"ஏறியிருக்கு. உள்ள வாங்க, சொல்றேன்" என்று அவள் முன்னால் நடந்தாள்.