ஒரு நகல்கூட வெளியே போகாத கடை

எழிலரசிக்கு அருவருப்பு சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. ஆரணிக் கோட்டை மைதானத்துக்குப் பின்தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவளுக்கு இது உதவாத குணம். பட்டுக்கடைக் கம்ப்யூட்டர்களைப் பிரித்தால் உள்ளே ஜரிகைத் தூளும் பல்லி முட்டையும் கிடக்கும். அதைக்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்துவிடுவாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆட்களின் அழுக்கைத்தான் அவளால் சகிக்க முடியாது.

வெம்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வந்து, கணவன் உதயாவின் செல்போன் கடையில் ஒரு மூலையில் மேஜை போட்டு ஆரம்பித்தாள். இப்போது செல்போன்தான் மூலைக்குப் போயிருக்கிறது. கொஞ்ச நாளாக அவளுக்குப் புதிதாக ஒரு வேலையும் வருகிறது. சென்னை ஜவுளிக்கடைகள் தங்களுக்குச் சரக்குத் தருகிறவர்களிடம், உங்கள் கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் புகுந்தால் தாங்குவீர்களா என்று பரிசோதித்து எழுதி வாங்கிவரச் சொல்கின்றன. எங்கோ இருக்கிற களவாணிப் பயல் நம் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, உள்ளதையெல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்பான், அதுதான் ரான்சம்வேர். அவனை வரவிடாமல் தடுக்க என்ன இருக்கிறது, வந்துவிட்டால் எழுந்து நிற்க என்ன இருக்கிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

அப்படித்தான் கந்தசாமி முதலாளியின் பட்டு மாளிகைக்குப் போனாள்.

அங்கே சேலை டிசைன் போடுகிறவர் ஜீவானந்தம். அன்னமும் மயிலும் ருத்திராட்சக் கரையுமாக, தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருக்கிறார். அவர் வரைந்ததுதான் ஒயர் வழியாகத் தறியின் மேலிருக்கிற ஜக்கார்டு பெட்டிக்குப் போய்ச் சேலையாகிறது. அவருடைய உழைப்பு முழுக்க அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. கடையைத் தாண்டி ஒரு நகல்கூட வேறெங்கும் கிடையாது.

காரணம் கந்தசாமியின் பயம். பக்கத்துத் தெருக்காரன் தன் கரையைத் திருடிவிடுவான் என்கிற பயம் ஆரணியில் எல்லா முதலாளிக்கும் உண்டுதான். இவருக்கு அது முற்றிப் போயிருந்தது. ஜீவானந்தத்தின் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகும் துளைகளை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார். மிச்சம் விட்ட ஒரே துளையில் பேக்கப் டிஸ்க் செருகியபடியே கிடந்தது. தண்ணீர்ப் பந்தலில் டம்ளரைக் கட்டுவதுபோல அதைச் சங்கிலி போட்டு மேஜைக் காலில் பூட்டியிருந்தார்.

"ஐயா, பேக்கப் எடுத்து முடிச்சதும் டிஸ்கைக் கழட்டி வேற எடத்துல வெக்கணும். எப்பவும் சொருகியே இருந்தா, பூட்டுறவன் அதையும் சேத்துப் பூட்டிடுவான்," என்றாள் எழிலரசி.

"கழட்டி வெச்சா எவனாவது மடியில கட்டிகினு போயிடுவாம்மா. உனக்கு இந்த ஊரு தெரியாது."

"சரி. ஒரே ஒரு பழைய டிசைனை அழிச்சுட்டு, இந்த டிஸ்க்லேர்ந்து திரும்ப எடுத்துக் காட்டுங்க. வருதான்னு பாத்துடலாம்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அழி கிழின்னு பேசாத," என்றார் கந்தசாமி. அவர் முகம் சுருங்கிவிட்டது.

ஓசியில் இறக்கிய டிசைன் சாஃப்ட்வேர் ஓட வேண்டும் என்பதற்காக ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருந்தார்கள். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் கடையின் பெயர். எழிலரசி ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலமாகிவிட்டது. ஜீவானந்தம் வீட்டுக்குக் கிளம்பினார். கந்தசாமி அவரைக் கூப்பிடக்கூட இல்லை. அவராகவே முதலாளி முன்னால் போய் நின்று கைகளைத் தூக்கினார். கந்தசாமி அவர் சட்டைப் பையைத் தடவினார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒட்டியிருந்த குழம்புச் சோற்றை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு அந்த விரலை ஜீவானந்தத்தின் துண்டிலேயே துடைத்துக்கொண்டு, "சரி, போ," என்றார்.

பல்லி முட்டை எவ்வளவோ தேவலை என்று எழிலரசி நினைத்தாள்.

தெருமுனையில் ஜீவானந்தத்தைப் பிடித்து, "ஏன் சார் இதையெல்லாம் பொறுத்துக்கினு கீறீங்க?" என்று கேட்டாள்.

"பழகிடுச்சு மேடம். நான் போட்ட டிசைனெல்லாம் இங்கதான கீது. அதை வுட்டுட்டு எங்க போறது?"

பட்டு மாளிகை தயாராக இல்லை என்று எழிலரசி எழுதிக் கொடுத்தாள். கந்தசாமி அதைப் படித்துவிட்டுத் திட்டித் தீர்த்தார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற அக்கா பையன் சதீஷிடம் சொன்னார். அவன் ஆரணிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், எல்லாம் பிரமாதம் என்று எழுதி அனுப்பினான். ஜவுளிக்கடைக்காரர்களும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். எழுதியவன், எழுதச் சொன்னவன், வாங்கிக்கொண்டவன் என்று மூன்று பேர்மீதும் எழிலரசிக்கு ஒரே அளவு வெறுப்பு. ஒரு வாரம் உதயாவிடம்கூடச் சரியாகப் பேசவில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்குத் தறிகள் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் கந்தசாமியே போன் செய்தார். "ஜல்தி வாம்மா," என்றார். குரலே மாறியிருந்தது.

போய்ப் பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. பார்சல் நிற்கிறது என்று வந்த ஒரு மெயிலைக் கந்தசாமியே தன் அறையில் திறந்திருக்கிறார். ஒரே பாஸ்வேர்டு என்பதால் அது ஜீவானந்தத்தின் கம்ப்யூட்டருக்கும் தாவி, டிசைன்களை ஒன்றுவிடாமல் பூட்டியிருந்தது. சங்கிலி போட்டுக் காத்த டிஸ்கும் போச்சு. அவள் மதியம்வரை தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். தறிப் பெட்டிகளில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த சில டிசைன்கள் மட்டும் தப்பின. மற்றதெல்லாம் போனது போனதுதான்.

"பணம் குடுத்தா தொறப்பானா?" என்று கேட்டார் கந்தசாமி.

"தொறக்கலாம், தொறக்காமலும் போலாம். எதை நம்பிச் சொல்றது?"

ஜீவானந்தம் சுவரோரம் நின்றிருந்தார். அழவில்லை. திரையில் உருமாறிக் கிடந்த டிசைன் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது எந்த மயில், இது எந்தக் கரை என்று கண்டுபிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கந்தசாமி மெல்ல எழுந்து அவரிடம் போனார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் தோளில் கை போட்டார். குரலைத் தேனாகக் குழைத்தார்.

"ஜீவா, மறைக்காம சொல்லு. நான் ஒண்ணும் திட்ட மாட்டேன். எனக்குத் தெரியாம ஒரு காப்பி ஊட்டுக்கு எடுத்துகினு போயிருப்பியே? பாதியாவது வெச்சிருப்ப இல்ல?"

"இல்லீங்க மொதலாளி."

"பக்கத்துத் தெருக்காரனுக்காவது குடுத்திருப்ப. பரவால்ல. நானே போயி கால்ல வுழுந்து வாங்கிகினு வரேன். யாருன்னு மட்டும் சொல்லு."

"யாருக்கும் குடுத்தது இல்லீங்க. நீங்கதான் வேணாம்னு சொல்லிட்டீங்களே."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

கந்தசாமியின் கை தோளிலிருந்து இறங்கியது. கெஞ்சல் போன இடத்தில் பழைய முகம் வந்து உட்கார்ந்தது.

"தூ! ஒரு டிசைனைக்கூடத் திருடத் துப்பில்லாதவனை வெச்சுகினு இத்தனை வருஷம் பேஜார் பட்டிருக்கேன் பாரு!"

ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மொதலாளி," என்றார்.

எழிலரசி வாந்தியை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.