எழவு வீட்டில் நான் செய்த வியாபாரம்

என்னை விடப் பெரிய முட்டாள் கண்டியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்க் கைகுலுக்கிவிட்டு வருகிறேன். "இந்த மனுஷன் லீவே எடுக்க மாட்டான்" என்று ஊரில் சொல்வதைப் பல வருஷமாகப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன் வேலை. இது நடந்தது சில வருஷங்களுக்கு முன், சித்திரை வருஷப் பிறப்பு வியாபாரம் முடிந்த கையோடு. எங்கள் ஊரில் புத்தர் கோயில் பெரஹரா போனால் தீபாவளி, தீபாவளி போனால் கிறிஸ்மஸ் நத்தார், அது போனால் பொங்கல். நடுவில் நோன்புப் பெருநாள். எல்லா மதத்துக்கும் பெருநாள் வரும், துணி மடிக்கிறவனுக்கு மட்டும் வராது. பௌர்ணமிப் போயா தினத்தில் கடை பூட்டு. அன்றைக்கும் "ஸ்டாக் அடுக்குறேன்" என்று முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு போவேன். அவர் கேட்கவேயில்லை. நானாகத்தான்.

அந்த வருஷம் எனக்கு என்னவோ ஆனது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்கினேன், தூங்கி எழுந்தால் மூட்டை தூக்கியவன் மாதிரி இருந்தது. ஒரு நாள் ஒரு அம்மா கிளிப்பச்சையில் பிளவுஸ் பீஸ் கேட்டார். தட்டைப் பார்த்தபடி நின்றேன். அத்தனையும் ஒரே நிறமாகத் தெரிந்தது, மழை பெய்யும்போது ஹந்தானை மலை தெரியுமே, அந்த மாதிரி. கடைசியில் அந்த அம்மாவே கையை நீட்டி எடுத்துக் கொடுத்தார். "என்ன தம்பி, லவ்வா?" என்று வேறு கேட்டார். நாற்பதைத் தாண்டிய எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆக, அன்றும் ஒன்றும் விளங்கவில்லை.

அந்த வாரம்தான் கம்பளையில் என் மனைவியின் பெரியப்பா தவறிப்போனார். மருமகன் முறை என்பதால் நான் கோடி போட வேண்டும். கடையிலிருந்தே நல்ல வேட்டியாக எடுத்துப் போனேன். அழுகைக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். முன்னே போய் வேட்டியைப் பிரித்தேன். பிரித்தேன் என்றா சொன்னேன்? கவுண்டரில் விரிப்பது போல ஒரே உதறு. அது அழகாகப் போய் அவர் மேல் விழுந்தது. கரையை விரலால் நீவிவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு சொன்னேன்:

"கையில புடிச்சுப் பாருங்க அத்தை. சாயம் போகாது. எத்தனை தடவை துவைச்சாலும் அப்படியே இருக்கும்."

ஒப்பாரி நின்றுவிட்டது. வாசலில் மேளம் அடித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். வெள்ளை வேட்டி அது. சாயம் என்று இருந்ததே கரையில் ஒரு விரல் அகலம்தான். இதை அந்த நேரத்தில் யோசித்தேன் பாருங்கள், நான் எப்பேர்ப்பட்டவன்!

இதில் இன்னொரு சிக்கல், எனக்கு ஊரில் ஜோக்கர் என்று பெயர். கல்யாண வீட்டில் என் பக்கத்துக் கதிரையில் உட்காரச் சண்டை பிடிப்பார்கள். அதனால் நான் வாய் தவறிச் சொன்னேன் என்று ஒருத்தரும் நம்பவில்லை. "செத்த மனுஷனை வச்சுமா வெளையாட்டு?" என்று மச்சினன் பல்லைக் கடித்தான். பெரியம்மா அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் பஸ்சில் மனைவி பேராதனை வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வெளையாட்டுக்குச் சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

"தெரியலயே."

"வெளையாட்டுன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். இப்ப பயமா இருக்குங்க."

உண்மையில் எனக்கும் பயம்தான். மறுநாள் முதலாளியிடம் போய் லீவு கேட்டேன்.

"யாருக்கு என்ன?" என்றார்.

"யாருக்கும் ஒன்னுமில்ல."

"அப்ப எதுக்கு?"

"சும்மாதான் மொதலாளி."

இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வேறு கடைக்குத் தாவுகிறேனோ என்று நினைத்திருப்பார். தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, ரெண்டு கிழமை, பதினாலு நாள் போய்ட்டு வா" என்றார். வெளியே வந்த பிறகுதான் எங்கே போவது என்றே யோசிக்கவில்லை என்பது உறைத்தது. மனைவிதான் புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டாள்.

அக்காவும் அத்தானும் காலையிலேயே தோட்ட வேலைக்கு மலைக்குப் போய்விடுவார்கள். நான் தனியாக என்ன செய்வது? அலுமாரியைத் திறந்து அத்தனை துணியையும் கடை மடிப்பாக மடித்து, நிறவாரியாக அடுக்கிவைத்தேன். சாயங்காலம் அத்தான் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்று கத்தினார்: "என் சாரத்தைக் காணோம்! அந்தக் கடைக்காரன்கிட்ட கேட்டு வாங்கிக் குடு!"

அக்கா அலுமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "டேய், வந்த எடத்துல கைய வச்சுக்கிட்டு சும்மா இரேன்டா!"

சும்மா இருப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தேன். கை துருதுருத்தது. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் கஸ்டமர் வந்தது போல எழுந்து நின்றேன். காரணமில்லாமல் ஒரு தரம் அழுகை வந்தது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அழுதேன். 

இப்படியே சில நாள் போனது. ஒரு காலை பனி விலகும்போது எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து ஒரு பச்சை, முத்தின இலை ஒரு பச்சை, கவாத்து வெட்டின மலையில் புதிதாகத் துளிர்த்தது வேறொரு பச்சை. அட, தெரிகிறதே! கிளிப்பச்சை கூட இருந்தது. அதைவிட ஆச்சரியம், எந்தப் பச்சைக்கும் எனக்கு விலை சொல்லத் தோன்றவில்லை.

குணமாகிவிட்டேனா? சத்தியமாகத் தெரியாது. என்ன வியாதி என்றே தெரியாதவனுக்குக் குணமானது எப்படித் தெரியும்? ஆனால் அதற்குப் பிறகு போயாவுக்குச் சாவி கேட்பதில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் அந்தக் கல்லில் போய் உட்கார்கிறேன், அக்கா அலுமாரியைப் பூட்டிவிட்டுத்தான் வரவேற்கிறாள். உடம்பு பேசாமல் இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஒரு நாள் அது வாயைத் திறக்கும்போது எந்த இடம், யார் முன்னால் என்று பார்க்காது என்பது மட்டும் எனக்கு மறக்கவேயில்லை.

அந்த முதல் தடவை லீவு முடிந்து புசல்லாவையிலிருந்து நேராகக் கம்பளைக்குத்தான் போனேன், அன்று பெரியப்பாவின் கருமாதி. என்னைக் கண்டதும் மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். சொந்தமெல்லாம் கூடியிருக்க, பெரியம்மா முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, அன்னைக்கு நான் சொன்னது வெளையாட்டுக்கு இல்ல. எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியல. சாயம், துவைக்கிறதுன்னு என்னென்னவோ..."

பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாயம் போச்சா இல்லையான்னு அவர்தான் வந்து சொல்லணும், உக்காந்து சாப்பிடு."