ஓட்டிஸ் தண்ணியில நிக்கறான்

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மார்லிஸ் பூட்ஸ் மாட்டி, கோட்டுப் போட்டு, கதவைத் திறந்து படியில் ஒரு காலையும் வைத்துவிட்டாள். அப்புறம்தான் கூட்டிக்கொண்டு போக நாய் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஓட்டிஸ் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. பதினாலு வயது, கறுப்பு நிறம், லாப்ரடாரும் வேறு என்னவோவும் கலந்த பெரிய உடம்பு. செவ்வாய்க்கிழமை நாய் மருத்துவரம்மா வீட்டுக்கே வந்து, வலியில்லாமல் முடிக்கும் ஊசி போட்டு, போர்வையில் சுற்றிக் கொண்டுபோய்விட்டாள். மார்லிஸ் அழவில்லை. மருத்துவரம்மாவுக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டாள், அவள் குடித்துவிட்டுப் போன கோப்பையைக் கழுவினாள், அதற்கப்புறம் கழுவ வேறு பாத்திரம் இருக்கிறதா என்று தேடினாள். அவ்வளவுதான்.

படியில் நின்றவள் திரும்பி உள்ளே பார்த்தால், அவள் கணவன் டுவைனும் கோட்டும் தொப்பியுமாக நின்றுகொண்டிருக்கிறான்.

"நீ எதுக்கு கிளம்பின?" என்றாள்.

"நீ எதுக்கு கிளம்பினியோ அதுக்குத்தான்."

போட்ட பூட்ஸைக் கழற்ற இரண்டு பேருக்குமே கை வரவில்லை.

"எங்கயாவது போலாமா?" என்று டுவைன் கேட்டான்.

"எங்க?"

"ஸ்டேஷனுக்குப் போவோம். எந்த ரயில் முதல்ல நிக்குதோ அதுல ஏறுவோம். நாலு மணி நேரத்துல திரும்பணும்னு இப்ப யாரு இருக்கா?"

அவன் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். நாய்க்கு இதயக் கோளாறு வந்த பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் ஒன்பது வருடம் இருந்தும், கடைசி இரண்டு வருடம் அவர்கள் சேர்ந்து ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

மார்லிஸ் மின்னசோட்டாவில், க்ளோக்கே என்ற காகித ஆலை ஊரில் பிறந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். டுவைன் ஆலையில் இயந்திரம் பார்ப்பவன். பெல்ஜியத்து ஆலை ஒன்று அவனை மூன்று வருடத்துக்குக் கூப்பிட்டது. ஐம்பத்திரண்டு வயதில், விமானத்தின் அடிவயிற்றில் நாயையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். மூன்று வருடம் ஏழானது, ஏழில் டுவைன் ஓய்வு பெற்றான், ஊர் திரும்பலாம் என்ற நேரத்தில் நாய்க்கு இதயம் கெட்டது. "இந்த உடம்போட விமானத்துல ஏத்தினா தாங்காது" என்றாள் மருத்துவரம்மா. ஊரிலிருந்து யார் கேட்டாலும் அதையே பதிலாகச் சொன்னார்கள்: ஓட்டிஸ் இருக்கும்வரை வரமுடியாது.

அந்த ஊர் மொழியில் அவளுக்கு நாற்பது வார்த்தை தெரியும். அதில் முப்பது நாயோடு சம்பந்தப்பட்டவை. தெருவில் அவள் பெயர் யாருக்கும் தெரியாது. 'ஓட்டிஸோட அம்மா' என்றால் ரொட்டிக்கடைக்காரி முதல் தபால்காரன் வரை எல்லாருக்கும் தெரியும்.

கென்ட் ஸ்டேஷனில் அப்போது நின்ற ரயில் டெ பன்னே போகிற ரயில். கடைசி ஸ்டேஷன் வரை டிக்கெட் எடுத்தான் டுவைன். அது கடல் பக்கம் என்பது மட்டும்தான் இருவருக்கும் தெரியும். பிப்ரவரி மாதம், வயலெல்லாம் தண்ணீர் தேங்கி, கிளை வெட்டிய மரங்கள் மொட்டை மொட்டையாக நின்றன. மார்லிஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தாள். பார்த்தாளே தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

"பசிக்குதா?" என்றான் டுவைன்.

"தெரியல."

"எனக்கும் தெரியல. ஆனா சாப்பிட்ருவேன்."

"அது எனக்குத் தெரியும்."

ரயிலிலிருந்து இறங்கி டிராம் பிடித்துக் கடற்கரைச் சாலைக்குப் போனார்கள். பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த ஒரு கடையில் காப்பியும் இறால் கட்லெட்டும் சொன்னார்கள். கட்லெட் வாய் சுடுகிற சூட்டில் இருந்தது. சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. காப்பியோடு தட்டில் ஒரு சின்ன பிஸ்கட் வைப்பது அங்கே வழக்கம். மார்லிஸ் அதை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் காகிதத்தில் மடித்துக் கோட்டுப் பைக்குள் வைக்கப் போனாள். டுவைன் பார்த்துவிட்டான். கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கி, பிரித்து, பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டான்.

மதியத்துக்கு மேல் கடற்கரையில் இறங்கினார்கள். கடல் எங்கோ தொலைவுக்கு உள்வாங்கிப் போயிருந்தது. ஈர மணல் தகடு போலக் கெட்டியாக இருந்தது, நடக்கச் சிரமமில்லை. இடதுகைப் பக்கம் மணல் மேடுகள், வலதுகைப் பக்கம் வெளுத்த கடல், எதிரே ஒன்றுமில்லை. நடந்தார்கள். பழைய யுத்தத்துக் கான்கிரீட் அரண் ஒன்று தலைகுப்புறச் சாய்ந்து மணலில் புதைந்து கிடந்தது. அதையும் தாண்டிப் போனார்கள்.

கோட்டுப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்: ஃபிரான்ஸுக்கு நல்வரவு.

"நாம ஃபிரான்ஸுக்கு வந்துட்டோம்" என்றாள்.

டுவைன் திரும்பிப் பார்த்தான். எல்லைக் கோடு எதுவுமில்லை, பலகையுமில்லை. "எப்ப?" என்றான்.

அவள் பதில் சொல்லுமுன் கைபேசி மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை அவள் தங்கை ஜோலீன். இங்கே மதியம் இரண்டரை, மின்னசோட்டாவில் காலை ஏழரை மணி. காப்பியைக் கையில் எடுத்ததும் அக்காவைக் கூப்பிடுவது அவள் பழக்கம். க்ளோக்கேயில் மார்லிஸின் வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. ஒன்பது வருடமாக அந்த வீட்டுக்குக் குளிர்காலத்தில் சூடேற்றி, பனி வழித்து, அக்கா வருவாள் வருவாள் என்று காத்திருப்பவள் அவள். ஓட்டிஸ் போன செய்தியை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் மார்லிஸ் கைபேசியை எடுத்தாள்.

"மார்லி! என்ன இப்படிக் காத்துச் சத்தம்? எங்க இருக்க?"

"கடற்கரையில. ஃபிரான்ஸ்ல."

"ஃபிரான்ஸா? சும்மா அளக்காத. அப்ப நாயை யார்கிட்ட விட்டுட்டுப் போன?"

மார்லிஸ் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"இங்கதான் இருக்கான். தண்ணியில நிக்கறான்" என்றாள்.

அந்தக் குரல் தன்னுடையது மாதிரியே அவளுக்குத் தோன்றவில்லை. டுவைன் நடையை நிறுத்திவிட்டான்.

"இதயம் பாதி ஓடலன்னு சொன்ன, இப்ப கடல்ல ஆட்டம் போடறானா?" என்று ஜோலீன் சிரித்தாள். "உன்னை இங்க வரவிடக் கூடாதுன்னே நடிக்கறான் அந்தத் தடியன். இன்னும் அஞ்சு வருஷம் இருப்பான், பாரு. போனை அவன் காதுல வை, நான் பேசறேன்."

மார்லிஸ் குனிந்தாள். கைபேசியை முழங்கால் உயரத்தில், வெறும் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சின்னக் கருவியிலிருந்து தங்கையின் குரல் உரக்க வந்தது: "ஓட்டிஸ்! டேய் கிழவா! போதும்டா வேஷம், எங்க அக்காவைக் கூட்டிட்டு ஊருக்கு வந்து சேரு!"

எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருப்பது என்று மார்லிஸுக்குத் தெரியவில்லை. நிமிரவும் தோன்றவில்லை. அப்போது டுவைன் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தான். "ஓட்டிஸ்! ரொம்ப தூரம் போகாத! வாடா இங்க!" என்று ஆளில்லாத கடலைப் பார்த்துக் கத்தினான்.

"ஐயையோ, ஓடிட்டானா? போ, போய்ப் புடி. நான் நாளைக்குப் பேசறேன்" என்று ஜோலீன் வைத்துவிட்டாள்.

மார்லிஸ் நிமிர்ந்தாள். டுவைனின் கண் ஓரம் ஈரமாயிருந்தது; காற்றாலும் இருக்கலாம்.

"எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டான்.

"தெரியல. சொல்லத்தான் எடுத்தேன்."

"நானும் அண்ணன்கிட்ட சொல்லல. ஓட்டிஸ் போயிட்டா உடனே ஊருக்குப் போகணும்னு துடிப்பேன்னு நெனச்சிருந்தேன் மார்லிஸ். ரெண்டு நாளா உள்ள தேடிப் பாக்கறேன். ஒண்ணுத்தையும் காணோம்."

"இங்கயே இருக்கணும்னு இருக்கா?"

"அதுவும் இல்ல."

"எனக்கும் அப்படித்தான்" என்றாள். "ரெண்டுமே இல்ல."

"அப்ப நாம என்ன பண்ணிட்டு இருக்கோம்?"

"குளிர்ல நிக்கறோம். நட."

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. டிராம் நிறுத்தத்துக்கு வருவதற்குள் இருவரும் தொப்பலாகிவிட்டார்கள். உருளைக்கிழங்கு வறுவல் ஒரு பொட்டலம் வாங்கி, நின்றபடியே மாறி மாறித் தின்றார்கள். ரயிலில் டுவைன் வாயைப் பிளந்து தூங்கினான். இறங்க வேண்டிய இடம் வந்ததும் அவள் எழுப்பினாள்.

அதன்பின் ஓட்டிஸ் தொலைபேசியில் ஏழு வாரம் உயிரோடு இருந்தான். இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டான், நேற்று மாடிப்படி ஏறினான் என்று மார்லிஸ் சொல்வாள். சொல்லச் சொல்ல அவளுக்குக் குற்ற உணர்ச்சியும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. ஈஸ்டருக்கு முதல் நாள் ஜோலீன், "அவன் மூஞ்சியைக் காட்டு, வீடியோவுல வா" என்று பிடிவாதம் பிடித்தாள். சொல்லவேண்டி வந்தது. கடற்கரைக்குப் போன நாளுக்கு இரண்டு நாள் முந்தியே அவன் போய்விட்டான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப அன்னிக்கு நான் யார்கிட்ட பேசினேன்?" என்று ஜோலீன் கேட்டாள்.

"யார்கிட்டயும் இல்ல."

"என்னை வெறும் காத்துகிட்ட பேச வெச்சியா? வர விருப்பமில்லன்னா இல்லன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. நாய் மேல ஏன் பழி போட்ட?"

பட்டென்று வைத்துவிட்டாள். மறுநாள் கூப்பிடவில்லை; அடுத்த வாரமும் இல்லை. மதியம் இரண்டரை ஆனால் மார்லிஸ் கைபேசியை எடுத்து மேசையில் வைப்பாள். அது பேசாமல் கிடக்கும். கென்ட் வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்குக் கெடு வந்தபோது இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். யோசித்து எடுத்த முடிவென்று சொல்ல முடியாது. காலி செய்வதற்கு நிறைய வேலை இருந்தது. கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.

பதினெட்டாவது நாள் ஜோலீன் கூப்பிட்டாள். ஹலோ கூடச் சொல்லவில்லை. "ஜூன் ஒன்பதாம் தேதி வர்றேன். ஏர்போர்ட்டுக்கு வந்து நில்லு" என்றாள். விமானம் என்றாலே பயம் என்று அறுபது வயதுக்குள் ஒரு தடவைகூட அதில் ஏறாதவள் அவள்.

வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு தலையணை, முகமெல்லாம் வீக்கம். அக்காவைக் கண்டதும் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"பொய்க்காரி!"

"ஆமா" என்றாள் மார்லிஸ். அடித்த இடம் வலித்தது. பல வாரத்துக்குப் பிறகு உடம்பில் ஓர் இடமாவது உறைத்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்த கையோடு ஜோலீன் சோபாவில் சாய்ந்து செருப்போடு தூங்கிவிட்டாள். பட்டப்பகல். மார்லிஸும் டுவைனும் சமையலறையில் நின்று கிசுகிசுத்தார்கள்.

"நாளைக்கு எங்க கூட்டிட்டுப் போறது இவளை?"

"அவளையே கேப்போம்."

"அவளுக்கு என்ன தெரியும் இந்த ஊர்ல?"

"நமக்கு மட்டும்?" என்றான் டுவைன்.

மார்லிஸ் அடுப்பில் சூப்பை வைத்தாள். தங்கை விழித்தால் பசிக்கும்.