சூளைக்குள் சீறியது

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் சூளைக்குத் தீ போடுவது என் வேலை. மழைக்காலம் முழுக்க சும்மா கிடந்த சூளையைப் பொங்கல் முடிந்து பற்றவைத்த காலையில், புகைபோக்கிப் பக்கமிருந்து ‘உஸ்ஸ்’ என்று சத்தம் வந்தது. பொம்மைகள் சரியாகக் காயவில்லை, ஈரம்தான் சீறுகிறது என்று நினைத்தேன். ஈரத்தோடு எரித்தால் பொம்மை வெடித்துவிடும். பதறிப்போய், எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டேன்.

பொம்மை அடுக்கும் அஞ்சலை ஓடிவந்து புகைபோக்கிப் பொந்துக்குள் கையை விட்டாள். வெள்ளை மூஞ்சிக் குஞ்சுகள் சீறிக்கொண்டே வெளியே வந்தன.

“ஆந்தையா?” என்றேன்.

“ஆந்தைன்னா அலறும், உடம்பெல்லாம் புள்ளி இருக்கும். இதுங்க கூகைக் குஞ்சு, பாம்பு மாதிரி சீறும். அது தெரிஞ்சுதானேண்ணே தீயை இழுத்தீங்க? இந்த மனசு யாருக்கு வரும்!”

பட்டறையே என்னைப் புகழ்ந்தது. டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். பொம்மைக்காகத்தான் இழுத்தேன் என்று வாயைத் திறக்கவில்லை.

அதைக்கூட அஞ்சலையிடம் பிறகு சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அடுத்து ஒன்று கேட்பாள்: “குஞ்சுன்னு தெரிஞ்சிருந்தா இழுத்திருப்பீங்களாண்ணே?”

அதற்குப் பயந்துதான் இத்தனை வருஷமும் சும்மா இருந்துவிட்டேன்.