பதினாறு வால்வும் ஒரு கோப்பையும்

கோச்கோர் ஊரில் மெக்கானிக் சோரோன்குல்லுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று அப்பா வைத்தது. இன்னொன்று ஊர் வைத்த 'கணவாய்'.

போன வருஷம் ஊர் அணியின் குதிரைகளை ஏற்றிப் போன, அவர் கைவைத்த லாரி நாரின் போகும் வழியில் தோலோன் கணவாயில் படுத்துவிட்டது. நாரின் மைதானத்தில் குதிரைமேல் இருந்தபடி செத்த ஆட்டின் உடலைப் பிடுங்கி எதிரணியின் கொப்பரையில் போட்டு கோல் எடுத்திருக்க வேண்டிய வீரர்கள் கணவாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். குதிரையே ஏறாமல் இறுதிப் போட்டியில் தோற்ற பெருமை கோச்கோருக்குத்தான்.

நடந்தது இவ்வளவுதான். இஞ்சின் தட்டுகிறது என்று அணித்தலைவர் எகெம்பெர்தி முகம் சுளித்தார். அவர் மனம் கோணக்கூடாதென்று சோரோன்குல் டேப்பெட் திருகை இறுக்கி, வால்வுக்கு மேலே இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளியையும் சத்தத்தையும் சேர்த்தே ஒழித்தார். ஏற்றத்தில் சூடேறி நீண்ட வால்வு, இடமில்லாததால் முழுதாக மூட முடியாமல் கருகியது.

இந்த வருஷமும் இறுதிப் போட்டி. அதே லாரி, அதே தட்டல். ஊரின் இன்னொரு மெக்கானிக் எகெம்பெர்தியின் மச்சான். அவனை எகெம்பெர்தியே நம்புவதில்லை. ஆகவே காலை எட்டரைக்கு லாரி சோரோன்குல் வாசலில் புகைந்துகொண்டு நின்றது. ஆட்டம் இரண்டு மணிக்கு.

"பானெட்டைத் தொறங்கண்ணே! சீக்கிரம்!" என்று எகெம்பெர்தி பறந்தார்.

"இஞ்சின் ஆறட்டும்."

"ஆறட்டுமா? பதினோரு மணிக்குக் கெளம்பணும்!"

"சூட்டுல அளந்தா அளவு பொய் சொல்லும். குமிஸ் குடிக்கிறியா?"

ஒருவன் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான். சோரோன்குல் பானெட்டுக்குக் குறுக்கே கைகளை விரித்து நின்றார்.

"ஊத்துன, இஞ்சின் ஹெட்டு வெடிக்கும். அப்புறம் குதிரைங்கதான் லாரிய இழுக்கணும்!"

"போன வருஷமே அதைச் செஞ்சிருக்கலாம், கணவாய்!" என்று கூட்டம் கூவியது. லாரியிலிருந்து குதிரைகளும் கனைத்தன, யார் பக்கம் என்று தெரியவில்லை.

புளித்த குதிரைப்பாலான குமிஸ் சோரோன்குல்லின் தொண்டையில் இரண்டு கோப்பை இறங்கியது. பத்து மணிக்கு இஞ்சினில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினார். பிறகு பார்க்க வேண்டுமே! மெல்லிய அளவுத்தகடு வால்வையும் அதை அமுக்கும் ராக்கரையும் பிரிக்கும் இடைவெளியில் சுகமாக உரசி நுழையும், ஸ்பேனர் ஒரு திருப்பு, அடுத்தது. ஒன்று, இரண்டு என்று ஊரே எண்ணியது. பதினாறாவதற்குக் கைதட்டல் பறந்தது.

இஞ்சின் உயிர்பெற்றது. டிக்டிக் டிக்டிக்.

எகெம்பெர்தியின் முகம் சுருங்கியது. "இன்னும் தட்டுதே! இன்னொரு சுத்து இறுக்குங்க."

சோரோன்குல் ஸ்பேனரைப் பையில் போட்டார். "மாட்டேன். இந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் வால்வு உசுரோட இருக்கு."

"அப்ப நீங்களும் ஏறுங்க! நின்னுச்சுன்னா ஆட்டுக்குப் பதிலா உங்களைத்தான் தூக்கிப் போடுவோம்."

ஏறினார். டிரைவர் ரேடியோ போட்டான், இவர் அணைத்தார். கணவாய் ஏற்றத்தில் எல்லோரும் இஞ்சின் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பழைய இடம் வந்தது. டிக்டிக். தாண்டியது. "ஏய்ய்ய்!" என்று எகெம்பெர்தி சோரோன்குல்லின் தொப்பியைப் பிடுங்கி ஜன்னல் வழியே ஆட்டினார்.

ஒன்றேமுக்காலுக்கு மைதானம். குதிரைகள் துள்ளி இறங்கின.

கோச்கோர் ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றது.

திரும்பும் வழியிலும் லாரி டிக்டிக்கென்று கணவாய் ஏறியது. இந்த முறை யாரைத் திட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எகெம்பெர்தி பார்வையாலேயே ஆளைத் தேடிப் பார்த்தார். அந்தப் பார்வை கடைசியில் குதிரைகள்மேல் போய் நின்றது.

சோரோன்குல் மட்டும் இஞ்சினோடு சேர்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.