மூடிய பெட்டி

தில்லை நகரில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, நானும் அக்காவும் பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் செய்யத் தொடங்கியபோது எங்களுக்கு வேறு பள்ளிக்கூடம் இல்லை. இந்தத் தொழிலில் முதலில் இறங்கிய சென்னை கம்பெனியின் பழைய மெஷின் ஒன்றை வாங்கி, முழுக்கப் பிரித்துப் போட்டோம். ஒவ்வொன்றையும் ஏன் அப்படி வைத்தார்கள் என்று அக்கா யோசிப்பாள். நான் வரைவேன்.

பிறகு அந்தக் கம்பெனி முதலாளியையே போய்ப் பார்த்தோம். காபி கொடுத்துச் சுற்றிக் காட்டினார். அவர் காட்டிய ஒரு மெஷினில் பேட்டரியை மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். "மருந்து ஒரு சொட்டு உள்ள போகாதும்மா. இந்த டிசைனைத் தாராளமா எடுத்துக்குங்க" என்றார். திரும்பி வரும் ரயிலில் அக்கா அவரைப் புகழ்ந்து ஓயவில்லை.

அதே பெட்டியைச் செய்தோம். முக்கொம்பு பக்கம் ஒரு வாழைத்தோப்பில் நல்ல வெயிலில் பறக்கவிட்டோம். இறங்கியதும் அக்கா பெட்டியைத் திறந்தாள். பேட்டரி வெடித்துத் தீப்பிடித்தது. அவளுடைய வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குப் போன் செய்தேன்.

"அடடா! சூடு வெளியே போகாம எங்களுக்கும் எரிஞ்சுதும்மா. அந்த டிசைனை எப்பவோ விட்டுட்டோம்."

"அப்ப ஏன் சார் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

அடுத்த மாதம் ஒரு விவசாயக் கண்காட்சியில் அவர் பேசிய வீடியோ எல்லோருடைய போனிலும் சுற்றியது. தோப்பில் யாரோ எடுத்த, கருகிய எங்கள் மெஷினின் படத்தைத் திரையில் காட்டி, "அனுபவம் இல்லாதவங்ககிட்ட வாங்கினா இதான் கதி" என்றார். கூட்டம் சிரித்தது. நான் அழுதேன். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த அக்கா அழவில்லை.

"நிறுத்துடி. அவருக்குப் பின்னாடி நிக்குதே, அந்த மெஷினைப் போன்ல பெருசாக்கிக் காட்டு."

அதில் பேட்டரி மேலே, திறந்தபடி, காற்றுப் படும் இடத்தில் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். அவளால் பென்சில் பிடிக்க முடியவில்லை, இன்றும் முடியாது.

புது மெஷின் எந்த வெயிலிலும் சூடேறாமல் பறந்தது. முதல் வேலையாக அந்த வாழைத்தோப்புக்காரரைக் கூப்பிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க. நான் சென்னைக்காரங்ககிட்டயே வாங்கிட்டேன்" என்றார். பிறகு, "அக்கா கை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

வேறு யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. மழைக்கு முன்பே ஷெட்டைக் காலி செய்தோம்.