இங்கிலீஷே இல்லாத இங்கிலீஷ் படம்

ஒரு வார்த்தைகூடப் பேசாத படத்தை எப்படி ஐயா தமிழில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

பி.யு.சி. முடித்து நான் செஞ்சிக்குத் திரும்பியிருந்த கோடை. பங்குச் சாமியார் எங்கிருந்தோ ஒரு புரொஜெக்டரும் ஒரு இங்கிலீஷ் கார்ட்டூன் படமும் கொண்டுவந்தார். பட்டப்பகலில், மாதா கோயில் பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் மல்லாட்டைச் சாக்கு, அதான் வேர்க்கடலைச் சாக்கு, கட்டி இருட்டாக்கினோம். நைனா அவலூர்பேட்டைச் சந்தை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டார்: "எம் புள்ள மைக்குல நின்னு அத்தனையும் தமிழ்ல சொல்லுவான்." எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருத்தன்தான். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

படம் ஓடியது. முயல்களின் பேண்டு ஒன்று தெருவில் போகிறது. கடைசியில் ஓர் ஆமை, முதுகில் டிரம், வாலால் அடிக்கிறது. முயல் கால் வைத்தால் கிளாரினெட், காதை ஆட்டினால் வயலின். ஆமையின் 'டம்' மட்டும் எப்போதும் கொஞ்சம் பிந்தி விழுகிறது. பேச்சே கிடையாது.

"இன்னாடா, கம்முனு நிக்கிற?" முதல் வரிசையிலிருந்து நைனா.

"அதுல பேச்சே இல்ல நைனா."

"இவ்ளோ சத்தம் வருது, பேச்சு இல்லியாம்! புரியலன்னு சொல்லேன்." கூட்டத்தில் யாரோ.

கொல்லென்று சிரிப்பு. நைனா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் காது எரிந்தது. வேறு வழியில்லாமல் புளுக ஆரம்பித்தேன்: "இப்ப ஆமை சொல்லுது, எனக்கு முதுகு வலிக்குது..."

"டேய் காலேஜு, வாய மூடு!" கோயில் பேண்டில் டிரம் அடிக்கிற மாமா பின்னாலிருந்து கத்தினார். "தாளம் கேக்கல!"

மூடினேன். திரையில் முயல்கள் மொத்தமும் சட்டென்று வாசிப்பை நிறுத்தின. ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆமை அசைந்து அசைந்து வந்து, அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு 'டம்'. தாளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தி விழுந்தது. மாமா பெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். நைனா கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். சாமியாரை நச்சரித்து இன்னொரு தடவை போட வைத்தார்கள். இந்த முறை ஹாலே சேர்ந்து 'டம்' என்றது.

வெளியே வந்ததும் நைனா என் தோளில் கை போட்டார். "நெஜமாவே அதுல இங்கிலீசு இல்லடா."

"அதத்தான சொன்னேன்!"

"இருந்திருந்தா சொல்லியிருப்ப."

மூன்று வருஷமாகப் பட்டணத்தில் எத்தனையோ படம் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் அந்த 'டம்'முக்காகக் காத்திருக்கிறேன். வந்தபாடில்லை.

நேற்று பி.ஏ. ரிசல்ட் வந்தது. இங்கிலீஷில் ஃபெயில். நைனாவுக்கு இன்னும் சொல்லவில்லை.